அருவிச் சத்தத்தில் ஆட்டிய தலை

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று எழுத மாட்டேன். எங்கள் குடியிருப்பில் சுவர் அவ்வளவு மெல்லிசு. கேட்காமல் இருக்கத்தான் மெனக்கெட வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு தம்பதி. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை; அவர் அவளைக் கூப்பிடுவதே 'ஊசி' என்றுதான். ஊசிக்கு வெளியூரில் பெரிய பதவி வந்திருக்கிறது. போகிறாளா இல்லையா, போனால் தனியாகவா என்று திங்கட்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும். மாஸ்டருக்கோ இந்த ஊரை விட்டால் கை கால் ஓடாது.

[இதுவரை சுவர் சொன்னது. நம்பலாம்.]

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை நடக்க வேண்டிய வீட்டிலிருந்து குக்கர் சத்தம் மட்டும் வருகிறது என்றால்

(வாக்கியம் இங்கேயே நின்றுவிட்டது. என்றால் என்ன என்று எனக்கும் தெரியவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'அருவி வெள்ளி நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.' அடித்துவிட்டேன். அருவியைப் பார்த்தவர் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். எழுதியபோது நான் பார்த்திருக்கவில்லை.

இரண்டாவது தொடக்கம், நடந்தது: ஞாயிறுதோறும் இருவரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள், தலை நனைந்து, முகம் தெளிந்து திரும்புவார்கள். படியில் மறித்து விசாரித்தேன். மலை ஏறி அருவிக்குப் போகிறார்களாம். வாரம் முழுக்கச் சேர்ந்த சண்டையை அங்கேதான் போடுவார்களாம். காதோடு வாய் வைத்துத் தொண்டை கிழியக் கத்தினால் ஒருவருக்கொருவர் கேட்கும். மூன்றாவது ஆளுக்கு ஒரு எழுத்து கேட்காது. இறங்கி வந்தபின் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சட்டம் வேறு.

வீட்டிலேயே பேசலாமே என்றேன்.

"சுவர் இருக்கே அக்கா" என்றார் மாஸ்டர், ரொம்ப மரியாதையாக.

எனக்குக் கோபம் வரவில்லை. [வந்தது.] இந்த ஞாயிறு நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

3

நடையின் சுகத்தை எழுத வேண்டிய இடம் இது. முதல் ஏற்றத்தில் எனக்குச் சுகம் வரவில்லை, மூச்சுதான் வந்தது, அதுவும் பாதி. பிறகு என்னவோ ஆயிற்று. கெண்டைக்கால் முனகுவதை நிறுத்திவிட்டது. வேர்களே படியாகி ஏற்றிவிட்டன. தூரத்தில் லாரி போகிறது என்று நினைத்தேன். போய் முடியவே இல்லை. அருவி முதலில் காதுக்குத்தான் வருகிறது, அப்புறம் நெஞ்சுக்கு. மழையே இல்லாமல் இலைகள் சொட்டின. கடைசி வளைவில் யாரோ முகத்தில் ஈரத் துணியை உதறியது போல இருந்தது. நிமிர்ந்தேன்.

(இங்கே ஒரு வர்ணனை வர வேண்டும். வரவில்லை. எதற்காக வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. எனக்கு!)

4

அவர்கள் பாறையில் நின்று மாறி மாறிக் காதில் கத்தினார்கள். நான் வாய்களைப் பார்த்தேன். தன் பாத்திரங்கள் பேசுவது தனக்கே கேட்காத எழுத்தாளரை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? 'நீ போ' என்று எழுதிப் பார்த்தேன், அந்த வாய்க்குப் பொருந்தியது. 'நானும் வரேன்' என்று எழுதினேன், அதுவும் பொருந்தியது. மாஸ்டர் கண்ணைத் துடைத்தார். அருவித் தண்ணீராகவும் இருக்கலாம். ஊசி சிரித்தாள், அல்லது குளிரில் பல் கிட்டியது.

சட்டென்று அவள் என் பக்கம் திரும்பினாள். என்னிடம் ஏதோ கேட்டாள். நீளமான கேள்வி. மாஸ்டரும் என் முகத்தையே பார்த்தார். கேட்கவில்லை என்று சைகை காட்டியிருக்கலாம். ஆனால் எனக்குக் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

தலையை ஆட்டிவிட்டேன். பலமாக, ஆமாம் என்று.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் அப்படியே பாறையில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் ஆரம்பமே ஆகவில்லை.

5

பேருந்து நிறுத்தத்தில் ரொட்டியைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள். "நல்லவேளை நீங்க வந்தீங்க அக்கா. எங்களால இதை முடிவு பண்ணியிருக்கவே முடியாது."

"எதைம்மா?"

மாஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். "கீழ வந்துட்டோமே அக்கா."

முடிவு அ: 'நான் மட்டும் போகட்டுமா?' என்று கேட்டிருந்தாள். அப்படியானால் ஒரு குடும்பத்தை நான் இரண்டு ஊராக்கிவிட்டேன்.

முடிவு ஆ: 'இவர் என்கூட வரத்தானே வேணும்?' அப்படியானால் நான் தெய்வம்.

முடிவு இ: 'சுவர் வழியா உங்களுக்கு எல்லாமே கேக்குதா?' இதை அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆட்டிய தலை மட்டும்தான் என்னுடையது. வேண்டுமானால் நீங்கள் என் இடத்தில் வந்து நில்லுங்கள். பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிக்கொள்ளுங்கள். அதோ, அவள் திரும்புகிறாள். உங்களிடம்தான் கேட்கிறாள். வாயை நன்றாகப் பாருங்கள். தலையை மட்டும் அவசரப்பட்டு ஆட்டிவிடாதீர்கள்.