இங்கேலா இழந்த முப்பத்தொரு கிலோ

இங்கேலா இழந்த முதல் நான்கு கிலோ பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலையில் சமையலறை அடுப்பருகே கிடந்தது. பிசைந்து வைத்த மாவைப் போல வெளுப்பாக இருந்தது, தொட்டால் இளஞ்சூடு. வடகோடிச் சிற்றூரான ஓஸ்விக்கில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. அந்தக் குளிரில் அதைத் தூக்கி வெளியே போட அவள் கணவன் ஸ்டெல்லனுக்கு மனம் வரவில்லை. கம்பளி ஒன்றை எடுத்து மூடிவிட்டு மர ஆலைக்கு வேலைக்குப் போனான்.

எல்லாம் ஜனவரியில் வந்த அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளில் தொடங்கியது. ஊர்க்கூடத்தில் அறுபது பேர். காபியோடு ஏழு வகை பிஸ்கட் வைக்காத வீட்டை ஓஸ்விக் மதிப்பதில்லை. ஏழையும் இங்கேலா தன் கையாலேயே சுட்டிருந்தாள். வழக்கப்படி கணவன் எழுந்து நான்கு வார்த்தை பேச வேண்டும். ஸ்டெல்லன் கரண்டியால் கோப்பையைத் தட்டினான். "என் புல்லா பின்னால உட்கார்ந்தா படகோட மூக்கு வானத்தைப் பார்க்கும். மீன் பிடிக்கப் போறேனா, நிலாவுக்குப் போறேனான்னு எனக்கே தெரியாது" என்றான். புல்லா என்பது இனிப்பு பன்னின் பெயர். இருபத்தாறு வருடங்களாக அவளை அப்படித்தான் கொஞ்சிக் கூப்பிட்டு வந்தான். கூடம் அதிரச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது இங்கேலாதான். அப்போது அவள் தொண்ணூற்று மூன்று கிலோ.

மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் யோர்டிஸ் அவளோடு பள்ளியில் படித்தவள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, மாவுச்சத்தைக் குறை என்றாள். இங்கேலா ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஆகும், வலப்பக்கம் ஆகாது என்று எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். முட்டை, வெண்ணெய், சால்மன் மீன், காலிஃப்ளவர், மண்ணுக்கு மேலே விளையும் காய்கள் இடப்பக்கம். ரொட்டி, உருளைக்கிழங்கு, பிஸ்கட் ஏழும், இறைச்சி உருண்டைக்குள் ஒளிந்திருக்கும் ரொட்டித்தூள் வரைக்கும் வலப்பக்கம். கடையில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்த்து, சர்க்கரை எத்தனை கிராம் என்று படிக்காமல் கூடையில் போடமாட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க ஊரில் யாரும் விரும்பவில்லை.

எடை இறங்கியது. இறங்கியதெல்லாம் அடுப்பருகே சேர்ந்தது. பதினோராவது கிலோவில் அதற்கு இங்கேலாவின் பழைய முகம் வந்தது, இரட்டைத் தாடையும் கன்னக்குழியுமாக. இருபதாவது கிலோவில் அது இன்னொருத்தியாகி, இங்கேலாவின் பழைய கவுனைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றாகப் பொங்கிய மாவுக்குக் கனம் ஏது, அப்படித்தான் அவளும். பார்வைக்கு முழு ஆள், தூக்கினால் ஒன்றுமில்லை. ஜூன் நடுவில், சூரியன் மறையாத அந்த வாரத்தில், ஏழு வகை பிஸ்கட்டையும் குறிப்பைப் பார்க்காமல் சுட்டாள். இங்கேலாவுக்குச் சிரிப்பு சிறுத்துப்போயிருந்தது, பாதங்கள் படுக்கையில் பனிக்கட்டியாகக் கிடந்தன. அந்தச் சிரிப்பும் கதகதப்பும் எங்கே போயின என்று வீட்டில் யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் தோட்டத்திலிருந்து ஸ்டெல்லன், "புல்லா, காபி ஆச்சா?" என்று குரல் கொடுத்தான். "இதோ வரேன்" என்று இங்கேலா எழுந்தாள். கதவுக்கு வெளியே மற்றவள் ஏற்கெனவே தட்டோடு நடந்துகொண்டிருந்தாள். இங்கேலா எழுந்தது எழுந்தபடி நின்றுவிட்டு, ஜன்னல் திரையைச் சரிசெய்ய வந்தவள் போல அதைச் சரிசெய்தாள்.

ஆகஸ்டில் சுகாதார நிலையத்தின் தராசு அறுபத்திரண்டு காட்டியது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. யோர்டிஸ் கைதட்டினாள். முன்னும் பின்னும் படம் வேண்டும் என்று மாவட்டப் பத்திரிகை கேட்டதால், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரே படமாக எடுத்தார்கள். வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை, இடப்பக்கம் நிற்கும் மற்றவளைப் பார்த்தால் காபி குடிக்கப் போகலாம் போலிருக்கிறது என்றன. விளையாட்டுக்கு மற்றவளையும் தராசில் ஏற்றினார்கள். முப்பத்தொன்று. ஸ்டெல்லன் முள்ளைக் குனிந்து பார்த்தான். "அப்போ ரெண்டு பேர்ல உன்னைவிட இவதானே ஒல்லி" என்றான். அதில் கேலி இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னான், அவ்வளவுதான். அந்த வாரத்திலிருந்து படகில் மற்றவளை ஏற்றிக்கொண்டு போனான். படகின் மூக்கு தண்ணீரைத் தொட்டபடியே போனது.

இழந்ததைத் திரும்ப உடம்பில் ஏற்றிக்கொண்டால் மற்றவள் கரைந்துவிடுவாள், தன் இடம் தனக்கு வந்துவிடும் என்று இங்கேலா கணக்குப் போட்டாள். செப்டம்பரில் ஸ்டெல்லனுக்கு அறுபது நிறைந்தது. அதே ஊர்க்கூடம், அதே அறுபது பேர். மற்றவள் அவன் அருகில் உட்கார்ந்திருந்தாள். இங்கேலா நேரே மேசைக்குப் போய் ஏலக்காய் பன் ஒன்றை எடுத்தாள். அதை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஸ்டெல்லன் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வலப்பக்கத்துல இருக்கே இது. நீயே எழுதினதுதானே."

"ஒண்ணே ஒண்ணு, ஸ்டெல்லன்."

"வேண்டாம். எத்தனை கஷ்டப்பட்டு இறக்கியிருக்க."

பன்னை வாங்கி மற்றவளின் தட்டில் வைத்தான். கூடம் முழுக்க ஆமோதித்துத் தலையாட்டியது. இவ்வளவு அக்கறையுள்ள புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். யோர்டிஸ் ஓடிப்போய் அவித்த முட்டை இரண்டும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து ஓஸ்விக்கில் எந்த வீட்டிலும் இங்கேலாவுக்குப் பன் கிடைக்கவில்லை. கடைக்காரி மாவுப் பொட்டலத்தைக் கூடையிலிருந்து எடுத்து, அன்போடு, திரும்ப அலமாரியில் வைத்தாள்.

இருவரில் மனைவி யார் என்று இங்கேலா எழுதிக் கேட்டதற்கு, மக்கள்தொகைப் பதிவு அலுவலகம் இரண்டு மாதம் யோசித்துப் பதில் எழுதியது. இருவரும் பிறந்தது ஒரே நாள், ஒரே தாய்க்கு. எனவே இருவருக்கும் ஒரே அடையாள எண். விவாகரத்துக்கு இடமில்லை, மனைவி மாறவில்லை. எந்த உடம்பு எந்த அறையில் படுப்பது என்பது குடும்பத்தின் சொந்த விஷயம். குளிர்காலம் இறங்கியபோது இங்கேலா தோட்டத்துச் சிறு விருந்தினர் குடிலுக்கு மாறினாள். போகும்போது குளிர்பெட்டித் தாளை மற்றவள் பிரித்தெடுத்து, மடங்காமல் கொண்டுவந்து, குடிலின் கதவில் ஒட்டிக்கொடுத்தாள்.

இப்போது ஏழு வருடம் ஆகிறது. புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் கேட்டால், பெரிய வீட்டில் இருப்பவள் இங்கேலா, குடிலில் இருப்பவள் அவள் வழி உறவு என்கிறார்கள். சனிக்கிழமைதோறும் மற்றவள் தட்டோடு தோட்டத்தைக் கடந்து வருகிறாள். முட்டை இரண்டு, சால்மன், வெண்ணெயில் மசித்த காலிஃப்ளவர். தட்டில் இடப்பக்கம் இல்லாதது எதுவும் இருந்ததில்லை. கவுனில் ஒட்டியிருக்கும் ஏலக்காய் வாசனையை மட்டும் அவளால் தவிர்க்க முடிவதில்லை. இங்கேலா சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, அவள் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துச் சூடேற்றுகிறாள். இங்கேலா கண்ணை மூடிக்கொள்கிறாள். பிறகு வீட்டிலிருந்து "புல்லா" என்ற குரல் கேட்கிறது. பாதங்களை மெல்ல இறக்கி வைத்துவிட்டு மற்றவள் போகிறாள். இந்த வருடம் நவம்பர் ஒன்பதாம் தேதியே ஊர் ஆறு உறைந்துவிட்டது. படகைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டார்கள்.