பதினான்காம் நிமிடத்தை இடிக்க வந்தார்கள்

நான் ஒரு பாட்டுக்குள் சித்தாள் வேலை பார்க்கிறேன். பாட்டின் நீளம் இருபத்து மூன்று நிமிடம், பதினோரு நொடி. ப்ரோக்ரஸிவ் ராக் வகை. ஆல்பத்தின் இசைத்தட்டில் முதல் பக்கம் முழுக்க இந்த ஒரே பாட்டுதான்.

காலையில் முதல் நிமிடத்தில் இறங்குவோம். அங்கே ஆர்கன் வாசிப்பார்கள். தரை ஈரமாக இருக்கும். மூன்றாம் நிமிடத்தில் கலவை போடுவோம். அதைச் சட்டி சட்டியாகச் சுமந்து ஒன்பதாம் நிமிடத்தில் கொட்டுவோம். பாடகர் சாரத்தின் மேல் நின்றபடி நிலாவை ஆண்ட ஒரு ராஜாவைப் பற்றிப் பாடுவார். காய்ச்சல்காரர் குரல். நாங்கள் அவரைத் தொந்தரவு செய்வதில்லை.

பதினான்காம் நிமிடத்தில் பாடகர் வாயை மூடிக்கொள்வார். கலவை மிக்ஸர் நிற்கும். பேஸ் கிட்டார் மட்டும் ஏழு ஏழு அடியாக நடக்கும். அது நடப்பதால் நாங்கள் நடக்க வேண்டியதில்லை. மணல் மேட்டில் உட்காருவோம். நான்கு நிமிடம். நாள் முழுவதும் நாங்கள் உட்காருவது அவ்வளவுதான்.

நான் படிக்கக் கற்றதும் அங்கேதான். நாற்பத்து நான்கு வயதில், சிமெண்டு மூட்டையைப் பார்த்து. முதலில் படித்த வாக்கியம் ‘கொக்கி போடாதீர்’. அதைப் படித்து முடிக்க பதினோரு நாள் ஆனது.

செவ்வாய்க்கிழமை கன்னியப்பன் மேஸ்திரி வந்தார்.

“அஞ்சலாட்சி, சட்டிய எறக்கி வை. பதினாலுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் இடிக்கப் போறாங்க.”

“எதுக்கு?”

“அங்க ஒண்ணுமே நடக்கலியாம். கேக்கறவங்க தாண்டிப் போயிடறாங்களாம்.”

“நாங்க உக்கார்றமே.”

“உக்கார்றது நடக்கறதுல வராதுடி.”

சட்டியை இறக்கி வைத்தேன்.

“ஆபீசுல கருத்து கேக்கறாங்க. இன்னிக்குத்தான் கடைசி,” என்றார்.

“யார் வேணா சொல்லலாமா?”

“காது இருக்கறவங்க சொல்லலாம்.”

தொட்டுப் பார்த்தேன். இரண்டும் இருந்தன.

பவுனு துணைக்கு வந்தாள். அவள் பாட்டின் கடைசி நிமிடத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கும். அங்கு வேலை செய்கிறவர்களும் தேய்வார்கள். மதியத்துக்கு மேல் அவளைச் சரியாகத் தெரியாது. மறுநாள் காலையில் முழுதாக வருவாள்.

“யக்கா, பன்னெண்டுக்குள்ள முடிச்சிரு. அப்புறம் என்னத் தேடிக்கினு நிக்காத.”

அலுவலகத்தில் படிகள் ஏழு. பிறகு ஒரு திருப்பம். பிறகு ஐந்து. மறுபடி ஏழு. முன்னால் போன இரண்டு வக்கீல்கள் எட்டாவது படி இருக்கும் என்று கால் வைத்து விழுந்தார்கள். நாலு நாலாக எண்ணிப் பழகியவர்கள். நாங்கள் அவர்களைத் தாண்டி ஏறினோம்.

மேலே ஒரு கதவில் ‘முற்போக்கு’ என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். “இதான்டி நம்ம ரூமு,” என்றேன். உள்ளே பதினோரு பேர் ஒரு தீர்மானத்தைப் பற்றித் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ப்ரோக்ரஸிவ் ராக் இங்கதானா?”

“அதக் கண்டிச்சாச்சு தோழர்,” என்றார் ஒருவர்.

“எதுக்கு?”

“ரொம்ப நீளமா இருக்கு.”

“உங்க தீர்மானம் எத்தன பக்கம்ங்க?” என்று கேட்டாள் பவுனு.

“நூத்தி நாப்பது.”

கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

அடுத்தது கவுன்டர். தணிகாசலம் என்று பெயர்ப்பலகை. அவர் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று. முகம் எங்கள் பக்கம் வரும்போது மட்டும் பேசினார்.

“காது சான்றிதழ்?”

“காதே இருக்கு சார்.”

சுற்றினார்.

“காது இருக்கறதுக்குக் காது சான்று ஆகாது.”

“அப்ப நீங்க பேசறது எங்க அக்காவுக்கு எப்பிடிக் கேக்குது?” என்றாள் பவுனு.

மூன்று சுற்று யோசித்தார்.

“கேக்குதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு.”

ஒரு படிவத்தைத் தள்ளினார். கூடவே மைப்பெட்டியையும் தள்ளினார்.

“கையெழுத்து போடுவேன் சார்.”

“சித்தாள்தான?”

“சித்தாள்தான்.”

“கட்டம் கட்டை விரல் அளவுக்குத்தான் இருக்கு.”

நான் கட்டத்துக்கு வெளியே எழுதினேன். அஞ்சலாட்சி. எழுத எழுத வரி நீண்டது. ‘லா’ போடும்போது மேசை தீர்ந்துவிட்டது. பவுனு பக்கத்து மேசையை இழுத்துச் சேர்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் ‘சி’ போட்டு முடித்தேன். தணிகாசலம் ஒரு சுற்று முழுக்க அதைப் பார்த்தார்.

“ஆல்பத்தோட பேரு?”

“குடை பிடிச்ச மீனு.”

“அப்படி ஒண்ணு லிஸ்ட்ல இல்ல.”

அட்டையில் ஒரு மீன் குடை பிடித்துக்கொண்டிருக்கும். எனக்கு எழுத்து தெரியாத காலத்தில் அட்டைப் படத்தைப் பார்த்து நானே வைத்த பெயர். படிக்கக் கற்றபின் உண்மையான பெயரைப் பார்த்தேன். ‘நான்காவது’ என்று இருந்தது. நான்காவது ஆல்பம் என்பதால் நான்காவது. இதற்கு எழுத்தே தெரிந்திருக்க வேண்டாம். நான் என் பெயரையே வைத்துக்கொண்டேன்.

“மீனுன்னே எழுதிக்கிங்க சார்.”

எழுதிக்கொண்டார். சுற்றி வந்தார்.

“பழைய பக்கமா, புதுப் பக்கமா?”

“புரியல.”

“நீ பழைய ஆல்பங்க பக்கமா, புது ஆல்பங்க பக்கமா? பழைய பக்கம்னா அந்த நாலு நிமிஷத்தப் பேத்து மியூசியத்துல வெப்போம். புதுப் பக்கம்னா தூக்கிப் போட்டுட்டுப் பாட்ட ஒட்டிடுவோம்.”

“மியூசியத்துல உக்காரலாமா?”

“கயிறு கட்டியிருக்கும்.”

“அப்ப நான் ரெண்டாம் பக்கம் சார்.”

“அப்படி ஒரு பக்கம் இல்ல.”

“திருப்பிப் போடுங்க. இருக்கும்.”

படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் அதை அதற்கு முன் பார்த்ததே இல்லை போல. நாற்காலி மெதுவாகி நின்றது. அதில் நான் எழுதினேன்: ‘வாயால் சொல்வேன்.’

வாயால் சொல்கிறவர்களை மேலதிகாரி அறைக்கு அனுப்புவார்கள். அறைக்கு நடக்க நடக்க நடை நீண்டது. பவுனுவின் கால்கள் மங்க ஆரம்பித்தன. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

மேலதிகாரி ஒரு அம்மாள். மேசையில் ஒரு ஆணை இருந்தது. சுவரோரம் பெஞ்சில் இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆணை கையில் கிடைத்ததும் கிளம்ப வேண்டியவர்கள்.

“சொல்லும்மா. சுருக்கமா,” என்றார் மேலதிகாரி.

நான் ஆணையைப் பார்த்தேன். எனக்கு அது தலைகீழாக இருந்தது. மூட்டைகளும் எப்போதும் நேராகக் கிடப்பதில்லை. எழுத்து எழுத்தாகச் சேர்த்தேன். ‘சித்தாளின் கருத்தைக் கேட்டு முடித்தவுடன் இடிக்கவும்.’

“மேடம், நான் வேணாம்னு சொன்னாலும் இடிப்பீங்களா?”

“ஆமா.”

“இடிங்கன்னு சொன்னாலும்?”

“ஆமாம்மா. கேக்க வேண்டியது எங்க கடமை. அதான் கேக்கறோம்.”

“கேட்டு முடிக்கறதுக்கு முன்னாடி?”

அவர் ஆணையை எடுத்துப் படித்தார். இரண்டாம் முறை படித்தார்.

“முன்னாடி இடிக்க முடியாது.”

நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். பேச ஆரம்பித்தேன்.

முதலில் பழைய ஆல்பங்கள். மீனுக்கு முன் நான் வேலை பார்த்தது ஒரு இரட்டை ஆல்பத்தில். அட்டையில் ஆள் இல்லாத மூன்று நாற்காலி. ஐம்பது வருடத்துக்கு முந்தியது என்பதால் எல்லோரும் கும்பிடுவார்கள். நான் கும்பிட மாட்டேன். மூன்றாம் பக்கம் முழுக்கப் புல்லாங்குழல். கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி போகிறது. கிடைத்த செருப்பையும் விட்டுவிட்டு மறுபடி தேடுகிறது. பழசு என்பதற்காக ஒழுகுகிற தளத்தை நல்ல தளம் என்று சொல்ல முடியாது.

கடப்பாரைக்காரரில் ஒருவர் சிரித்தார்.

“அடுத்தது புதுசு,” என்றேன்.

போன வருடம் வந்த ஒன்றில் இரண்டு மாதம் இருந்தேன். கம்ப்யூட்டரில் கட்டியது. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகாது. பதினொன்றாக எண்ணுகிறார்கள், பதிமூன்றாக எண்ணுகிறார்கள், ஒருவனுக்கும் மூச்சு வாங்கவில்லை. பூச்சு நன்றாக இருக்கிறது. தட்டிப் பார்த்தேன். உள்ளே செங்கல் இல்லை. பூச்சின் மேல் பூச்சு.

“அப்ப புதுசு மோசம்னு எழுதிக்கவா?” என்றார் மேலதிகாரி.

“எழுதாதீங்க. நான் முடிக்கல.”

புதுசில் இன்னொன்று இருக்கிறது. மூன்று பெண்பிள்ளைகள். ஒன்பதாம் நிமிடத்தில் கிட்டார்காரப் பெண் அரை அடி தாமதமாக வருகிறாள். அழித்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மற்ற இருவரும் காத்திருக்கிறார்கள். தலையில் சட்டியோடு ஒருத்தி தடுமாறினால் வரிசையே நின்று அவளை வாங்கிக்கொள்ளும், அந்த மாதிரி. அந்த அரை அடிக்காக அந்த ஆல்பத்தில் நான் சும்மாவே வேலை செய்வேன்.

“ஆக, உன் கருத்து?”

“வந்துக்கிட்டே இருக்கேன் மேடம்.”

ஆர்கனைப் பற்றிச் சொன்னேன். ராஜாவைப் பற்றிச் சொன்னேன். நிலாவில் தண்ணீர் இல்லை, சிமெண்டு இறுகாது, அரண்மனை எப்படிக் கட்டினான், பாட்டு எழுதினவன் வந்து சொல்லட்டும் என்றேன். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காத இடங்களைப் பற்றி ஆரம்பித்தேன். எந்தெந்த ஆல்பத்தில் எங்கெங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் உட்காரலாம், எந்த இடத்தில் நிழல் விழும். இதற்கு வெகுநேரம் ஆனது.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் பாட்டு தெரிந்தது. அது பதினான்காம் நிமிடத்தில் இருந்தது. விசாரணையில் இருக்கும் நிமிடத்தைத் தாண்ட அதற்கு அனுமதி இல்லை. பேஸ் கிட்டார் ஏழு ஏழாக நடந்தது. ஆட்கள் எல்லோரும் மணல் மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரியும் உட்கார்ந்துவிட்டார்.

மணி ஐந்தானது. மணியை ஐந்திலேயே நிறுத்தி வைத்தார்கள். கருத்து நடக்கும்போது அலுவலகத்தை மூடக் கூடாதாம்.

பவுனு இப்போது தெரியவே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் காற்றில் மிதந்து என்னிடம் வந்தது. குடித்தேன்.

“நிறுத்திடாத யக்கா,” என்றது டம்ளர் இருந்த இடம்.

கடப்பாரைக்காரர்கள் கடப்பாரையைத் தரையில் கிடத்திவிட்டுக் கால் நீட்டிக்கொண்டார்கள். “என்னா அவசரம், நீ சொல்லு தாயி,” என்றார் பெரியவர்.

மேலதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மை காய்ந்துவிட்டது. வேறு பேனா கொண்டுவரச் சொன்னார்.

“முடிஞ்சுதாம்மா?”

“டிரம்மப் பத்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மேடம்,” என்றேன்.