ஏறாத ரவிக்கை

ரவிக்கையின் கை முழங்கையைத் தாண்டவில்லை. ஜெயசீலி இன்னொரு முறை இழுத்தாள். தையல் விட்டது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஞானகுமாரி எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை கிறிஸ்துதாஸின் தாய் அவள். கல்யாணப் புடவையும் ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டார் தர வேண்டியவை. நிச்சயத்தன்று அளவெடுத்துத் தைத்ததை ஆவடியிலிருந்து கொண்டுவந்திருந்தாள். முந்தின நாள் ஞாயிறு ஆராதனையில்தான், மூன்று வாரம் சபையில் அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்திருந்தார்கள்.

"இன்னா சம்பந்தி, ஊட்ல தீனி பலமோ? ஆறு மாசத்துல பொண்ணு இம்மாம் ஊதிக்கீது."

தாயில்லாத பெண். அப்பா வேதமுத்து கையைப் பிசைந்தார். "பகல்ல ஒரு வேளைதாம்மா சோறு துன்னுது. இன்னாத்துக்கு ஊதுதுன்னே தெரில."

ஜெயசீலிக்குத் தெரியும். நிச்சயம் முடிந்து காபி குடிக்கும்போதுதான் மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் கேட்டார்கள். அதற்காக, அம்பத்தூர் நர்சிங்ஹோமில் மற்றவர்களின் நைட் டூட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பகலில் திருமுல்லைவாயில் வீட்டில் படுத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை. இரும்பு கிறீச்சிடும்போதெல்லாம் கண் திறந்துகொள்ளும். ஸ்கூட்டர் நினைவு வரும். தூங்காத உடம்புக்குப் பசி அடங்கவில்லை. ராத்திரிகள் டீயும் பன்னுமாகப் போயின.

இளைக்க மாத்திரை கேட்டபோது டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். "கவலையும் தூக்கமில்லாததும்தான் உன்னை ஊத வைக்குது. முதல்ல தூங்கு."

அந்த ஸ்கூட்டர் இப்போது வாசலில் போர்வைக்குள் நின்றது.

ஞானகுமாரி குரலைத் தணித்தாள். "போனா போவுது. எம் புள்ளைக்கும் மனசுன்னு ஒண்ணு கீது இல்ல? ஸ்கூட்டரோட ஒரு பிரிட்ஜும் சேத்துக் குடுத்துடுங்க. உடம்பப் பத்தி வாயே தொறக்க மாட்டோம்."

வேதமுத்து மகளைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் நைட் டூட்டி பாக்கறியாம்மா?"

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. ரவிக்கையை மடித்துப் புடவைமேல் வைத்தாள்.

"எடுத்துகினு போங்க அத்தை. இந்த அளவு நீங்க ஸ்கூட்டர் கேக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. மூணாவது ஓலை வேணாம்னு ஆயர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"இந்த ஒடம்ப வச்சிகினு வேற எவன் வரான்னு பாக்கறேன்" என்று ஞானகுமாரி படியிறங்கிப் போனாள்.

ஜெயசீலி பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. பிறகு அதுவும் அடங்கியது.

லேத் கிறீச்சிட்டது. தூக்கத்திலேயே அவள் உடம்பு திடுக்கிட்டது. அப்போதுதான் வேதமுத்து அதைப் பார்த்தார்.

ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"வரதா, கொஞ்ச நேரம் மெஷின நிறுத்துப்பா. பொண்ணு தூங்குது. நைட் டூட்டி பாத்துட்டு வந்த புள்ள."

பட்டறைக்கார வரதன் உடனே சுவிட்சை அணைத்தான். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"இத முன்னாடியே வந்து சொல்றதுக்கு இன்னா, நைனா?"