சட்டைப் பையில் இருந்த பதினொரு சீட்டுகள்

சலவை இயந்திரத்திலிருந்து கணவன் எடுத்துக் கொடுத்த அவளுடைய மேல்சட்டையின் பையில் வெறும் காகிதக் கூழ்தான் இருந்தது. 'செட்' என்ற ஒரே சொல்லுக்காக ஓராண்டாக அவள் சேர்த்த பதினொரு சீட்டுகள்!

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களைத் தொகுக்கிறார்கள். ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு; அதில் காதால் கேட்ட வாக்கியம், சொன்னவர், தேதி. சீட்டு இல்லாத பொருளைப் பதிப்பாசிரியர் ஈவிரக்கமில்லாமல் அடித்துவிடுவார். நாளைக் காலை 'செட்' அவர் மேசைக்குப் போகிறது. சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததே தப்பு.

வாக்கியங்களைச் சொந்தமாக எழுதிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கை வரவில்லை.

"இப்படி ஊமைக்கோட்டானா உட்கார்ந்திருந்தா எப்படிம்மா? வாயத் தொறந்து சொல்லேன்," என்றார் மாமியார்.

சொன்னாள்.

"அட, அதெல்லாம் நாங்க பேசினதுதானே!" என்றான் கணவன். தரைக்கு ஓடு பதிப்பவன் அவன். "'சிமென்ட் செட் ஆகறதுக்குள்ள கால வெச்சுட்டியே'ன்னு உன்னத்தானே திட்டினேன்? எழுதிக்கோ."

மாமியார் பொக்கை வாயால் சிரித்தார். "'என் பல்செட்ட எங்க வெச்சேன்?' இத நான் தினமும்தான் கேக்கறேன்."

டீ கப் செட், அலாரம் செட் பண்ணுவது, செட் சேர்ந்து ஊர் சுற்றுவது என்று மாற்றி மாற்றிச் சொல்ல, பத்துச் சீட்டுகள் நிரம்பின. பதினொன்றாவது எதுவென்று அவளுக்குத் தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிரவேயில்லை. "என்னோடது பாக்கி இருக்கே, அண்ணி."

போன வருடம் புருஷன் வீட்டை விட்டு வந்த அன்று, நாத்தனார் அழுதுகொண்டே சொன்ன வாக்கியம் அது. அதைப் போய்க் குறித்துவைத்தோமே என்ற உறுத்தல் இவளை விட்டபாடில்லை.

"நீங்க எழுதினதப் பார்த்தேன். கோபம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அன்னிக்கு எல்லாரும் எனக்குப் புத்திதான் சொன்னாங்க. நான் சொன்னது உங்க காதுல மட்டும்தான் விழுந்துச்சு. எழுதுங்க: 'எனக்கும் அவருக்கும் செட் ஆகல.'"

"தேதி?" என்று கேட்டாள் அவள்.

"இன்னிக்குத் தேதியே போடுங்க. இன்னிக்கும் அதேதான் சொல்றேன்!"

முதலில் சிரித்தது மாமியார்தான்.

மறுநாள் பதிப்பாசிரியர் சீட்டுகளைப் புரட்டினார். "ஒரே வீடு, ஒரே தேதி. என்னம்மா இது?"

"சீட்டெல்லாம் துணியோட துவைபட்டுப் போச்சு சார். எங்க வீட்டு ஆளுங்க எனக்காகத் திரும்பச் சொன்னாங்க."

அவர் எதையும் அடிக்கவில்லை.