எண்ணெய்க் கை

குளிர்காலம் வந்துவிட்டால் இந்திராணியின் விரல்கள் வெடித்துவிடும். காலையில் இட்லிச் சட்டி மூடியின்மேல் கிண்ணத்தை வைத்து, உறைந்த தேங்காயெண்ணெயை உருக்கி, அவளுக்கு விரல் விரலாகத் தேய்த்துவிட்டுத்தான் பரமசிவம் ஆபீசுக்குக் கிளம்புவார். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவர் அதிகம் பேசியவர் இல்லை. பேசுவதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான். "இந்த விரல் இன்னிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கு" என்பார். "கட்டைவிரலை நீட்டு" என்பார். அவ்வளவுதான்.

அந்த நவம்பர் கடைசியில் அவள் தில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து ஜனக்புரியில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். வெளிநாட்டுக்காரர்கள் ஆற்றில் மீன் பிடிக்கப் பொய் ஈ கட்டும் வேலை. தூண்டில் முள்ளை இடுக்கியில் மாட்டி, மெழுகு தடவிய நூலில் ஒரு சிட்டிகை முயல் ரோமத்தை வைத்து ஒரே பக்கமாக உருட்ட வேண்டும். அந்தத் திரியை முள்ளின்மேல் சுற்றினால் ஈயின் உடம்பு வந்துவிடும். அதன்மேல் மெல்லிய செப்புக் கம்பியை எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறுக்கினால் மீனின் பல் பட்டாலும் பிரியாது.

இந்திராணி கட்டியவை பிரிந்தன.

மேற்பார்வை பார்க்கும் ப்ரீதா தில்லியிலேயே பிறந்த பெண். ஒவ்வொரு ஈயையும் பழைய டூத் பிரஷால் இருபது தடவை தேய்த்துப் பார்ப்பாள். இந்திராணியுடையது ஆறேழு தடவையிலேயே மொட்டையாகிவிடும்.

"ஒரு மீன் கடிச்சாலே இது கதம் ஆன்ட்டி. ரொம்ப மோட்டா. பத்லாவா, மெல்லிசா பண்ணுங்கோ."

ரோமத்தைப் பாதியாகக் குறைத்தாள். உருட்டும் பக்கம் மாறாமல் பார்த்துக்கொண்டாள். அப்போதும் அது பிடிக்காமல் நூலில் வழுக்கிக்கொண்டே போனது. மூன்றாவது வாரம் ப்ரீதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சனிக்கிழமை ரெண்டு டஜன் கட்டுங்கோ ஆன்ட்டி. பாஸ் ஆகலைன்னா வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டாங்க. சாரி."

மாடி ஜன்னலோரத்து அந்த நாற்காலி, இந்திராணிக்கென்று யாரோ ஒதுக்கிக் கொடுத்த முதல் நாற்காலி. அதை விட அவளுக்கு மனசில்லை.

புதன்கிழமை ஆபீசில் ஏதோ அவசரம் என்று பரமசிவம் விடியுமுன்னே போய்விட்டார். அன்றைக்கு எண்ணெய் இல்லை. கட்டைவிரலில் ரத்தம் கசிந்தது. ஆனால் ரோமம் நூலை அப்படியே கவ்விக்கொண்டது. எட்டு ஈ கட்டினாள். எட்டும் இருபது தடவை தாங்கின.

"அரே வா! இன்னிக்கு என்ன சாப்பிட்டு வந்தீங்க?" என்றாள் ப்ரீதா.

திரும்பும்போது பஸ்ஸில் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். மெழுகு பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்!

வியாழக்கிழமை காலையில் அவர் கிண்ணத்தோடு வந்து நின்றார். அவள் கையை நீட்டினாள். பட்டறையில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வெடிப்புக்குள்ளிருந்து எண்ணெய் ஊறிக்கொண்டே இருந்தது. அன்றைய ஈக்கள் எல்லாம் போயின. வெள்ளிக்கிழமையும் அதே கதைதான்.

சனிக்கிழமை அவருக்கு லீவு. ஆனாலும் எண்ணெயை உருக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவள் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க."

"வலிக்குதா?"

"இல்ல."

அவர் முகம் போன போக்கு அவளுக்குத் தாங்கவில்லை. பையிலிருந்து நூலையும் ரோமத்தையும் எடுத்தாள். நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதுல உருட்டுங்க" என்றாள். கிண்ணத்தில் தோய்த்த வலது கையால் உருட்டினார். ரோமம் வழுக்கிக் கீழே விழுந்தது.

"இப்ப இடது கையால."

பிடித்துக்கொண்டது.

அவர் அதையே பார்த்தபடி இருந்தார். "அப்போ நாந்தான் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். எப்பத் தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"பொறவு வியாழக்கிழமை எதுக்குட்டி கையை நீட்டின?"

"நீங்க கிண்ணத்தோட வந்து நின்னீங்க."

அவர் கிண்ணத்தைக் கொண்டுபோய் மேல்தட்டில், பழைய டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அன்று இருபத்து நான்கில் இருபத்து மூன்று தேறின. ஒன்றில் மட்டும் கம்பி தளர்ந்திருந்தது. "சீட் உங்களுக்குத்தான்" என்று ப்ரீதா தோளில் தட்டினாள். இந்திராணி சிரித்தாள். மனசு மட்டும் அந்த மேல்தட்டிலேயே இருந்தது. கால் மணி நேரத்தைக் கொடுத்து ஒரு நாற்காலியை வாங்கிக்கொண்டேனோ என்று இருந்தது.

ஐந்து மணிக்கு இறங்கி வந்தாள். பஸ் ஸ்டாப்பில் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கிட்டே வந்த பிறகுதான் அவர் பரமசிவம் என்று தெரிந்தது. ஜனக்புரிப் பக்கமே வராதவர்.

"பாஸா?"

"ஒண்ணு போயிட்டு."

"ஒண்ணுதானே."

ஸ்வெட்டருக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். எண்ணெய் தண்ணீராக உருகியிருந்தது.

"பஸ்ல வாறதுக்குள்ள உறைஞ்சிரும்லா. அதான் கக்கத்துல வச்சுக்கிட்டேன். இனி சாயங்காலம் தேய்ச்சுக்கலாம். ராத்திரியெல்லாம் ஊறும், காலையில நல்லாக் கழுவிட்டுப் போ."

மோதி பாக் பஸ் வந்து நின்றது.

"பஸ் போகுதுங்க."

"அடுத்தது வரும். கட்டைவிரலை நீட்டு."