சணல் அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கம்

நூர்தீனுக்கு வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. இலங்கை மலைநாட்டு அட்டன் பஜாரில் வாப்பாவின் துணிக்கடையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து, தேயிலைத் தோட்டத் துரைமார் சங்கத்தின் நூலகத்துக்கு வேலைக்கு வந்தவன் அவன். இரண்டு வருஷமாக அங்கே குவிந்து கிடந்த அறிக்கைகளையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படித்து, உள்ளே என்ன சங்கதி இருக்கிறது என்று சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, விஷய வாரியாக இழுப்பறைகளில் அடுக்கி வந்தான். ஆறு இழுப்பறை நிறைந்துவிட்டது.

தலைமைக் கிளாக்கர் தம்பையாவுக்கோ அந்த இழுப்பறைகளைக் கண்டாலே ஆகாது. யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனுஷன். தபால் வந்த தேதி, தலைப்பு, அலமாரி எண் என்று தடித்த பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார். அவரைப் பொறுத்தவரை புத்தகத்தின் கதை அத்தோடு முடிந்தது.

"உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பாக்கிறது துரைமாரின்ர வேலை. உது இரட்டை வேலை, தம்பி."

அதையே சங்கத்துச் செக்ரட்டரி துரையின் காதிலும் ஓதிவிட்டார். துரையும் தலையாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை இழுப்பறைகள் பின்கட்டுக் கொட்டகைக்குப் போகும். நூர்தீன் கீழே போய் நோட்டீசுக்குத் தபால்தலை ஒட்ட வேண்டும். சம்பளம் குறையாது என்றார்கள். அது அவனுக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

புதன்கிழமை காலை, நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் படி அதிர ஏறி வந்தார். அவருடைய தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் பொன்னையா கையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அந்தத் தோட்டத்துத் தேயிலையில் ஏதோ வாடை வீசுகிறது என்று கொழும்புத் தரகர்கள் மூன்று முறை எழுதிவிட்டார்களாம். டீமேக்கர் கவனக்குறைவால் உலர்த்தும் அடுப்பின் புகை தேயிலையில் இறங்கிவிட்டது என்பது துரையின் தீர்ப்பு. பன்னிரண்டு மணிக்குச் சங்கக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் அடுப்புப் புகையைப் பற்றி ஒரு ஆதாரம் கிடைத்தால், சாயந்தரமே பொன்னையாவின் சீட்டைக் கிழித்துவிடலாம்.

தம்பையா பதிவேட்டைப் புரட்டி, அடுப்பு என்று தலைப்பில் உள்ள நாலு புத்தகங்களை எடுத்து வைத்தார். கேட்டது கிடைத்துவிட்டது.

நூர்தீனுக்கு மனசு ஒப்பவில்லை. கேட்பவர் வாயில் வருவது பாதிச் சங்கதிதான். மீதியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். துணிக்கடையில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? நேரே வாசலுக்குப் போனான்.

"டீமேக்கரய்யா, நீங்க சொல்லுங்க. அது புகை வாடைதானா?"

பொன்னையா துரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"புகை இல்லீங்க. அடுப்புக்குள்ள நானே எறங்கிப் பாத்துட்டேன், ஓட்டை ஒடசல் ஒண்ணுமில்ல. இது எண்ணெ வாடைங்க. மேல் மாடியில வாட்டுற கொழுந்துலதான் வருது. கீழ் மாடிக் கொழுந்து சுத்தமா இருக்கு."

"மேல் மாடியில புதுசா என்ன செஞ்சீங்க?"

"விசிட்டிங் ஏஜெண்டு வர்றாருன்னு, கொழுந்து பரப்புற சாக்குத்துணிய மாத்துனோம்ங்க. தொரைதான் மாத்தச் சொன்னாரு."

மேற்பார்வைக்கு ஏஜெண்டு துரை வருகிறார் என்றால் தொழிலாளர் லயத்துக்குச் சுண்ணாம்பு, ரோட்டுக்குப் புதுமண், கங்காணிக்கு வெளுத்த கோட்டு. எல்லாத் தோட்டத்திலும் நடக்கிற கூத்துதான். இங்கே அது கொழுந்து வாட்டும் மாடி வரைக்கும் ஏறியிருக்கிறது.

நூர்தீன் இழுப்பறைக்கு ஓடினான். சாக்குத்துணி என்ற தலைப்பில் ஒரே ஒரு அட்டை: கல்கத்தா சணல் வியாபாரிகளின் வருஷ அறிக்கை, பக்கம் நாற்பத்தொன்று. தலைப்பில் தேயிலை என்ற பேச்சே இல்லாத புத்தகம். பதிவேட்டை வைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாலும் யாரும் அதைத் தேடி எடுத்திருக்க மாட்டார்கள். சணல் நாரைப் பதப்படுத்த எண்ணெய் விடுகிறார்கள், புதுத்துணியில் அந்த வாடை தங்கி ஈரச் சரக்கில் இறங்கும் என்று அங்கே நாலே வரி. சோதித்துப் பார்க்கும் வழியும் இருந்தது: வெந்நீர்க் கோப்பையை அந்தத் துணியால் மூடி, கால் மணி நேரம் கழித்து மோந்து பார்க்க வேண்டும்.

மாற்றியதில் மீந்த புதுத்துணி தோட்டத்துத் துரையின் காரிலேயே கிடந்தது. சீட்டில் சேறு படாமல் இருக்க விரித்து, பொன்னையாவை அதன்மேல்தான் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். வெந்நீர் வந்தது. கோப்பையைத் துணியால் மூடிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். சங்கதி கேள்விப்பட்டு வந்த செக்ரட்டரி துரை துணியை எடுத்து மோந்தார், முகத்தைச் சுளித்தார், அப்படியே தோட்டத்துத் துரையின் மூக்குக்கு நேரே நீட்டினார். தோட்டத்துத் துரைக்குக் காது வரை சிவந்துவிட்டது.

இழுப்பறைகள் எங்கேயும் போகாது, இன்னும் ஆறு செய்யத் தச்சருக்குச் சொல்லும் என்று தம்பையாவுக்கு உத்தரவாயிற்று. தம்பையா சணல் அறிக்கையை வாங்கி, நாற்பத்தொன்றாம் பக்கத்தை நின்றபடியே முழுக்கப் படித்தார்.

நூர்தீன் சந்தோஷத்தோடு புது அட்டை ஒன்றை எடுத்தான். தேயிலையில் எண்ணெய் வாடை, புதுச் சாக்குத்துணியால் வருவது. கீழே, தகவல் தந்தவர் பெயர். ஆறு இழுப்பறையிலும் அந்த இடத்தில் இருப்பதெல்லாம் துரைமார் பெயர்களும் டாக்டர்மார் பெயர்களும்தான். நூர்தீன் எழுதினான்: பொன்னையா, டீமேக்கர்.

செக்ரட்டரி துரை எட்டிப் பார்த்தார். தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுது என்றார்.

"எம் பேருங்களா?" என்றார் பொன்னையா.

"ஒங்க பேர்தாங்க. உள்ள வாங்க, நீங்களே வைங்க."

பொன்னையா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். தன் துரை பார்த்துக்கொண்டு நிற்க, அட்டையை வாங்கி இழுப்பறையில் நேராக நிறுத்தி வைத்தார்.