பதினோரு தீப்பெட்டி

"என் இஸ்திரி மேசையிலயே வச்சு என் வீட்டைக் காணாமப் பண்ணியிருக்கே. எங்கடா வீடு?"

"கத்தாதே அக்கா. இது முப்பது வருஷம் கழிச்சு வரப்போற நகரம்."

"அப்போ நான் எங்க இருப்பேன்?"

தம்பிக்காரன் ஒரு குட்டி மரத்துக்குப் பசை தடவினான்.

நான் ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதுவும் காது வைக்கத் தோதான சுவர். தவிரவும், தீ மூட்டியதே நான்தான். மாநகராட்சியின் 'நாளைய நகரம்' கண்காட்சிக்கு அவன் அட்டையில் செய்துகொண்டிருந்த மாதிரியில் என் வீடு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். கண்ணாடிக் கோபுரம் இருந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குண்டூசி உயர மனிதர்கூட இருந்தார். எங்கள் தெரு மட்டும் பூங்காவாகியிருந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். பக்கத்து வீட்டுக் கடமை.

"வரைபடத்துல காலியிடம்னு போட்டிருக்கு. கொடுத்ததைத்தானே நான் செய்ய முடியும்?"

"பதினோரு வீட்டுல ஆள் இருக்கோம், காலியிடமா? நீ இப்போ நிக்கறது எங்கடா?" அக்கா குனிந்து மரங்களைப் பார்த்தாள். "இது நான் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுதானே?"

பச்சைச் சாயம் பட்ட விரல்களை அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நாலு நாளா தேடறேன். என் ஸ்பாஞ்சை வெட்டி என் தலை மேலயே நட்டிருக்கே."

அவன் சாப்பிடப் போன நேரத்தில் நாங்கள் இருவரும் மரங்களைப் பிடுங்கிவிட்டு, பதினோரு தீப்பெட்டிகளை அவன் பசையாலேயே வரிசையாக ஒட்டினோம். என்னுடையதில் மட்டும் ஒரு ஜன்னல் வரைந்தேன்.

"இனிமே இங்க யாரும் இல்லைன்னு எவன் சொல்லுவான், பாக்கலாம்," என்றாள் அக்கா.

அவன் வந்து பார்த்தான். வாயைத் திறப்பதற்குள் மாதிரியை ஏற்ற வண்டி வந்துவிட்டது.

கண்காட்சிக்கு நாங்களும் போனோம். தலைமைப் பொறியாளர் குச்சியால் சுட்டிச் சுட்டி விளக்க, மேயர் தீப்பெட்டிகளின் அருகே நின்றார். "இது என்ன?"

பொறியாளருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "குப்பைத் தொட்டிங்க ஐயா. பூங்காவுக்கு."

"நல்ல யோசனை. குறிச்சுக்கோங்க."

"அது என் வீடு," என்றாள் அக்கா. "மூணாவது பெட்டி. நீங்க போட்டிருக்கிற சட்டையை நேத்து அங்கதான் தேய்ச்சேன்."

பொறியாளர் தன் காலரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தம்பிக்காரன் பக்கம் திரும்பினார். "செஞ்சவன் நீதானே, நீயே சொல்லுப்பா."

அவன் தரையைப் பார்த்தபடி, "தொட்டிதாங்க," என்றான்.

முப்பது வருஷமாவது ஒன்றாவது. இரண்டே வருஷத்தில் பூங்கா வந்துவிட்டது. பதினோரு தொட்டிகளும் நாங்கள் ஒட்டிய அதே வரிசையில் நிற்கின்றன. ஒன்றில் மட்டும் ஜன்னல் இருக்கிறது.

தம்பிக்காரன் பொறியாளரின் மச்சினியைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக் கோபுரத்தில் குடியேறினான். அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. நான் போனேன், யார் யார் வந்தார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? அவள் இப்போது, அந்த மாதிரியின் பலகை முடிகிற இடத்துக்கும் அப்பால், ஊருக்கு வெளியே துணி தேய்க்கிறாள். நானும் அவள் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டேன். சுவர்தான் இங்கே கொஞ்சம் தடிமன்.